மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளி முன்பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா?

"செங்கல் சூளையிலிருந்து அதிகாரிகள் மீட்டுவிட்டாலும் வாங்கிய அட்வான்ஸைக் கட்டியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் வீட்டை எழுதி வாங்கலாம்" என்று ஒரு குரல்பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது பொய்.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், 6ஆம் பிரிவிலேயே அந்தக் கடனை ரத்து செய்துவிட்டது. வசூலிக்க வழக்குப் போடவும் முடியாது. குடியிருக்கும் வீட்டைவிட்டு வெளியேற்றுவதை 8ஆம் பிரிவு தடுக்கிறது. ரத்தான கடனுக்காகப் பணம் வாங்கினால், வாங்கிய முதலாளிக்குத்தான் 3 ஆண்டு வரை சிறை (9ஆம் பிரிவு). பதிவில் பேசுபவர் இதை மட்டும் வசதியாக விட்டுவிட்டார்.

"கேஸ் முடிந்தால்தான் காசு" என்று சொல்வதும் அரைகுறை. மீட்கப்பட்டவர்களுக்கு அரசு தரும் முழு நிவாரணம் வழக்கோடு பிணைந்தது என்பது உண்மை. ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறார்களுக்கும் 2 லட்சம், கடத்தல் போன்ற கொடுமைகளுக்கு 3 லட்சம். ஆனால் 30,000 ரூபாய் வரையிலான உடனடி உதவி தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை.

இதற்கெல்லாம் சாவி, கொத்தடிமை நிலையிலிருந்து விடுபட்டதைக் காட்டும் விடுதலைச் சான்றிதழ். கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ கேட்டு வாங்குங்கள். நகல் எடுத்து வையுங்கள். குடிசையில் காகிதம் மழைக்குத் தாங்காது.

திருவள்ளூர் மாவட்டத்தில் இப்படி மீண்ட இருளர் குடும்பங்கள், மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு 'சிறகு' என்று சொந்தச் சூளையே தொடங்கினார்கள். கல் அதே கல்தான், கணக்கு இப்போது அவர்கள் கையில்.