பட்டையைப் பிடுங்கிட்டா முடிஞ்சுதா?

“புரோகிராம் சன்னல் மேல இருக்கிற தலைப்புப் பட்டைய நம்ம கடை கலர்ல மாத்திக் குடுங்க பாஸ், ரெண்டு நாள் வேலைதானே?” பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும் பினாங்கு லெபோ பாசார் ஆனாலும், பில் போடுற மென்பொருள் கேட்கிற முதலாளி இதைத்தான் கேட்பார். அவர் காசு, கேட்கட்டும். எரிச்சல் நம்ம புரோகிராமருங்க மேலதான். டபிள்யூபிஎஃப்-ல (விண்டோஸ் புரோகிராம் திரைகளைச் செய்யுற மைக்ரோசாஃப்ட் கருவி) பழைய பட்டையைப் பிடுங்க விண்டோஸ்டைலை ‘நன்’, அலௌஸ்டிரான்ஸ்பரன்சியை ‘ட்ரூ’ன்னு வெச்சு, மேலே சிவப்பா ஒரு கிரிட் (கட்டம்), அதைப் பிடிச்சு சன்னலை நகர்த்த ஒரு டிராக்மூவ். சியாப் லா, வேலை முடிஞ்சுதாம்!

என்ன சியாப்? நிழல் போச்சு. ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா சன்னல் அளவு மாறல. டபுள் கிளிக், ரைட் கிளிக் மெனு, மினிமைஸ் அசைவு எதுவும் இல்ல. மேக்ஸிமைஸ் பண்ணினா டாஸ்க்பாரையே முழுங்குது. கேஷியருக்கு மணி பார்க்க வழியில்ல.

விண்டோஸ் 11-ல கலர் மட்டும்தான் வேணும்னா விண்டோஸ்லயே இருக்கிற டிடபிள்யூஎம்-செட்விண்டோஆட்ரிபியூட்ங்கிற கட்டளை, ஒரே வரி: பட்டைக்கு எண் 35, ஓரக்கோட்டுக்கு 34. ஒண்ணு மட்டும் பார்த்துக்கணும்: நிறக் குறியீட்டுல அது கேட்கிற வரிசை நீலம், பச்சை, சிவப்பு. இணையத்துல எடுத்த, சிவப்புல தொடங்குற குறியீட்டை அப்படியே ஒட்டினா சிவப்புக் கடை நீலக் கடையாகும்.

பட்டைக்குள்ள தேடல் பெட்டி, லோகோ எல்லாம் வேணுமா? டபிள்யூபிஎஃப்-லயே இருக்கிற விண்டோகுரோம் போடுங்க, நிழலும் ஓரமும் பிழைக்கும். ஆனா மேக்ஸிமைஸ் ஆகும்போது சன்னல் திரையைத் தாண்டி நாலு பக்கமும் 8 பிக்சல் வெளியே போகும், மூடுற பட்டன் பாதி வெட்டுப்படும். உடனே 8-னு கையால மார்ஜின் (ஓர இடைவெளி) எழுதிடறது! அது விண்டோஸ் டிஸ்ப்ளே அளவு (ஸ்கேலிங்) 100%-ல இருக்கும்போதுள்ள கணக்கு. லேப்டாப் 150%-ல ஓடினா தப்பு. அந்தந்த அளவுக்கு ஓரம் எத்தனை பிக்சல்னு சொல்ற கெட்சிஸ்டம்மெட்ரிக்ஸ்ஃபார்டிபிஐ எதுக்கு இருக்கு? ஓரத் தடிமனையும் பேடட்பார்டரையும் (அதோட சேருற கூடுதல் ஓரம்) அதுகிட்ட கேட்டுக் கூட்டுங்க.

மேக்ஸிமைஸ் பட்டன் மேல மவுஸ் வெச்சா விண்டோஸ் 11 ஸ்னாப் கட்டங்கள் (சன்னல்களை அடுக்குற படம்) வரணும்னா, ‘மவுஸ் எதுமேல இருக்கு?’ன்னு விண்டோஸ் கேட்கிற என்சிஹிட்டெஸ்ட் செய்திக்கு ‘எச்டிமேக்ஸ்பட்டன்’னு பதில் சொல்லணும். சொன்ன உடனே டபிள்யூபிஎஃப் பட்டனுக்குக் கிளிக்கும் வராது, ஹோவரும் வராது. என்சி மவுஸ் செய்திகளை (பட்டை, ஓரம் மேல மவுஸ் போனா வர்றது) பிடிச்சு நாமளே நிறம் மாத்தி, நாமளே அமுக்கணும். அந்தச் செய்தியில வர்ற மவுஸ் இடத்தோட எக்ஸ், ஒய்-யை, மைனஸ் தெரியாத லோவேர்ட், ஹைவேர்டால எடுத்தீங்களா? இடப்பக்கம் ரெண்டாவது திரை மாட்டினா எக்ஸ் மைனஸ்ல வரும், 65,000 சொச்சம்னு படிச்சிட்டுப் பட்டன் செத்துக் கிடக்கும். மைனஸையும் சரியா படிக்க கெட்எக்ஸ்எல்பராம்னு ஒண்ணு இருக்கு, ஐயா!

இத்தனைக்கும் சேர்த்து ரெண்டு நாள்னு கொட்டேஷன்ல எழுதினது யாரு?