பெயர் வேண்டாம் என்று கொடுத்த பணம்

வணிகப் பள்ளிகள் நன்கொடையாளர்களையும் உதவித்தொகை மாணவர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து ஆண்டுதோறும் நடத்தும் விருந்து வெறும் படாடோபம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, பெயர்ப்பலகைக்காகக் கொடுப்பவர்களும் உண்டுதான். ஆனால் அமெரிக்காவின் விஸ்கான்சின் வணிகப் பள்ளிக்கு 2007-இல் முன்னாள் மாணவர்கள் 13 பேர் சேர்ந்து 8.5 கோடி டாலர் கொடுத்தார்களே, குறைந்தது 20 ஆண்டுகளுக்கு யார் பெயரையும் அந்தப் பள்ளிக்குச் சூட்டக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எவ்வளவு பெரிய மனது!

அப்புறம், நான் படித்த இடத்திலும் இப்படி ஒரு விருந்து நடந்தது. என் படிப்புக்குப் பணம் கட்டிய பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "வாடகை போக கையில் ஏதாவது மிஞ்சுகிறதா?" என்றுதான் முதலில் கேட்டார். அடுத்த வாரமே தெரிந்தவரிடம் சொல்லி கோடைக்கால வேலைக்கு நேர்காணலும் ஏற்பாடு செய்தார். அந்த மேசை இல்லையென்றால் அவரை நான் எங்கே பார்த்திருப்பேன்?