'கிட்நாப்' என்றால் ஆள்கடத்தும் படையா? உண்மை விளக்கம்

ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: "இரண்டாம் உலகப் போரில் படைக்கு வைத்த ரகசியப் பெயரே அதன் வேலையைச் சொல்லிவிடும். அமெரிக்காவின் 'கிட்நாப்' படை ஆள்கடத்தத்தான். உச்சிப்புளி ஐ.என்.எஸ். பருந்தும் அப்படியொரு ரகசியப் பெயரே."

இரண்டுமே தவறு.

'கிட்நாப்' என்பது அமெரிக்காவின் 101ஆவது வான்வழி டிவிஷனில் 506ஆவது ரெஜிமென்ட்டுக்குத் தொலைபேசியிலும் வயர்லெஸ்ஸிலும் வழங்கிய பெயர். அதே டிவிஷனில் 501க்கு 'க்ளோண்டைக்', 502க்கு 'கிக்காஃப்'. ஆங்கிலத்தில் எல்லாம் 'கே'யில் தொடங்கும். பொருளுக்காக அல்ல, எழுத்துக்காகத் தேர்ந்தவை. ரெஜிமென்ட்டின் உட்பிரிவான பட்டாலியனுக்கு நிறம்: முதலாவது சிவப்பு, இரண்டாவது வெள்ளை, மூன்றாவது நீலம். தளபதி என்றால் 'ஆறு'. ஆக, 'கிட்நாப் ரெட் சிக்ஸ்' என்றால் 506இன் முதல் பட்டாலியன் தளபதி. கடத்தல் எங்கே வந்தது?

வேலையைச் சொல்லும் பெயர் வைத்தால் எதிரிக்குத்தான் லாபம். 1940இல் ஜெர்மனி, குண்டுவீச்சு விமானங்களுக்கு வழிகாட்டும் ஒரு ரேடியோ முறைக்கு 'வோட்டான்' என்று பெயரிட்டது. அது ஜெர்மானியப் புராணத்து ஒற்றைக்கண் தெய்வம். பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆர்.வி. ஜோன்ஸ் அதை வைத்தே, ஒரே ரேடியோ கதிரில் இயங்கும் கருவி என்று ஊகித்துவிட்டார். பெயர் பொருத்தமில்லாமல் இருந்தாலும் தப்பமுடியாது: ஒரே பெயரை நாள்கணக்கில் புழங்கினாலோ, அதோடு ஊர்ப்பெயரைத் திறந்த வயர்லெஸ்ஸில் சொன்னாலோ, ஒட்டுக்கேட்பவன் அது எந்தப் படை என்று கோத்துப் பார்த்துவிடுவான்.

பருந்து? 2009இல் பகிரங்கமாகத் தொடங்கிவைத்த கடற்படை விமானத்தளத்தின் அதிகாரப்பூர்வப் பெயர். பெயர்ப்பலகையில் எழுதிவைத்துவிட்டு ரகசியம் என்பார்களா?