நாளைக்கு மெடிக்கல், அக்கா

மாலை ஆறு மணிக்கு மேல் கடைக்கு வரும் இளைஞன், மற்ற வாடிக்கையாளர்கள் போகும்வரை கல்லாவுக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும், கப்பல்காரன் என்று. பர்மியப் பிள்ளையாக இருந்தால் 'அமா' என்பான், நம் பிள்ளையாக இருந்தால் 'அக்கா' என்பான். அதற்கு அடுத்த வரி எல்லோருக்கும் ஒன்றுதான்: "நாளைக்கு மெடிக்கல். பிரஷர் கொஞ்சம் கூட இருக்கிறது. இறங்குவதற்கு ஏதாவது கொடுங்கள்." மெடிக்கல் என்றால் கப்பலேறும் முன் தேற வேண்டிய உடல் பரிசோதனை.

ரங்கூன் துறைமுகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருபது ஆண்டுகளாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இருபது ஆண்டுகளாகக் கொடுத்தும் வந்திருக்கிறேன். பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் ஓர் இரவில் வேலை செய்யாது, முழுப் பலன் தெரிய ஒரு வாரமாவது ஆகும் என்று சொல்வேன். தலையை ஆட்டிவிட்டு இரண்டாகப் போட்டுக்கொள்வார்கள். சர்க்கரைக்காரர்கள் இரண்டு நாள் சோற்றைத் தொடமாட்டார்கள், பாகற்காய்ச் சாறாகக் குடிப்பார்கள். பிரஷர்காரர்கள் உப்புக்குப் பயந்து ங்கப்பி என்ற பர்மிய மீன் விழுதை ஒதுக்குவார்கள். மெடிக்கல் முடிந்த அன்று காலையே மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் கடையில் இரண்டு கிண்ணம். சிரிப்பாகத்தான் இருந்தது எனக்கும், என் சித்தி மகன் கால் விரல்கள் போகும்வரை.

கடலோடிகளின் உடல்நலத்துக்குச் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2006 பிப்ரவரியில் ஜெனீவாவில் நிறைவேற்றப்பட்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இருக்கிறது. 2013 ஆகஸ்ட் முதல் அது நடப்பில் உள்ளது. மியான்மர் 2016 மே மாதம் அதை ஏற்றுக்கொண்டது. நான் அதை வரி வரியாகப் படித்தேன். விருப்பத்தோடு அல்ல, தேவை வந்தபோது. நல்ல சட்டம்தான். கப்பலில் மருந்துப் பெட்டி இருக்க வேண்டும். துறைமுகத்தில் நின்றால், இயன்ற இடங்களில் தாமதமில்லாமல் மருத்துவரையோ பல் மருத்துவரையோ பார்க்கும் உரிமை உண்டு. எந்தக் கொடி பறந்தாலும் ரேடியோ வழி மருத்துவ ஆலோசனை இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம். ரோம் நகரத்தில் ஒரு மையம் 1935 முதலே இந்தச் சேவையைச் செய்துவருகிறது.

மருத்துவர் மட்டும் கப்பலில் கிடையாது. நூறு பேரோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு, மூன்று நாளுக்கு மேற்பட்ட சர்வதேசப் பயணம் போகும் கப்பலுக்குத்தான் மருத்துவர் கட்டாயம். சரக்குக் கப்பலில் இருப்பது இருபது, இருபத்தைந்து பேர். அங்கே பெரும்பாலும் செகண்ட் ஆபீசர்தான் டாக்டர். சில நாள் பயிற்சி, ஒரு கையேடு, மருந்துப் பெட்டியின் சாவி. அவரைக் குறை சொல்லவில்லை. ஊசி போடத் தெரிந்த எத்தனை பேர் நம் தெருவில் இருக்கிறார்கள்?

சித்தி மகனுக்கு வருகிறேன். மோட்டார்மேன், அதாவது கப்பல் எஞ்சின் அறை வேலையாள். முப்பத்தெட்டு வயது. ஒருமுறை சர்க்கரை என்று சொல்லி மெடிக்கலில் தள்ளிவிட்டார்கள், ஏழு மாதம் வேலை இல்லை. அடுத்த முறை படிவத்தில் 'நீரிழிவு உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறித்தான், பாகற்காய்ச் சாறு குடித்தான், தேறினான். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை விட்டமின் டப்பாவில் கொட்டி எடுத்துக்கொண்டு போனான். டப்பாவை எடுத்துக் கொடுத்தது நான்.

2018இல், இந்தியப் பெருங்கடலின் நடுவில், புதுப் பாதுகாப்பு ஷூ கடித்துக் குதிகாலில் தொடங்கிய கொப்புளம் பாதம் முழுக்கப் பரவியது. காய்ச்சல். செகண்ட் ஆபீசர் ரேடியோ டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று: சர்க்கரை உண்டா? தம்பி படுக்கையிலிருந்து இல்லை என்றான். சர்க்கரை இல்லாதவனுக்கான மருந்து நான்கு நாள் ஓடியது. இலங்கையின் காலிக்கு அப்பால் படகில் இறக்கினார்கள். இரண்டு விரல்களை எடுத்தார்கள். கேப்டன் வழியை மாற்றி வந்ததால் கால் மிஞ்சியது, அதை எப்போதும் சொல்வேன்.

மருத்துவமனைச் செலவையும் விமான டிக்கெட்டையும் கம்பெனி கொடுத்தது. ரங்கூன் வந்து மூன்றாவது வாரம் ஒரு கடிதம் வந்தது: வேலையில் சேரும்போது வேண்டுமென்றே நோயை மறைத்ததால் மேற்கொண்டு எங்களுக்குப் பொறுப்பில்லை.

அப்போதுதான் உடன்படிக்கையைப் படித்தேன். கம்பெனி பொய் சொல்லவில்லை. கப்பல் முதலாளியின் பொறுப்பைப் பேசும் இடத்திலேயே, வேண்டுமென்றே மறைத்த நோய்க்கு நாட்டுச் சட்டம் விலக்கு அளிக்கலாம் என்று இருக்கிறது. இன்னும் கொஞ்சம் முன்னால் போனால், வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில், கடலோடியிடம் எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது என்று கறாராக ஒரு விதி. ஆனால் மூன்று செலவுகளுக்கு விதிவிலக்கு: பாஸ்போர்ட் போன்ற பயண ஆவணம், கடலோடிப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ். விசாச் செலவுகூட முதலாளியுடையது. தான் தகுதியானவன் என்று நிரூபிக்கும் செலவு மட்டும் உழைப்பவன் தலையில்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பரிசோதனைக்குக் காசு அவனுடையது. தோற்றால் அந்தக் காசும் போய், வேலையும் போகும். தோற்காமல் இருக்க மறைத்தால், பிறகு நோயின் செலவும் அவனுடையது. அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சுழல். இப்படி ஓர் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு 'ஏன் மறைத்தாய்' என்று கேட்பவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. மறைக்காமல் இருக்க அவனுக்கு என்ன காரணம் கொடுத்தீர்கள்?

இந்த விலக்கு புதியதும் இல்லை. 1936ஆம் ஆண்டின் கப்பல் முதலாளிகள் பொறுப்பு உடன்படிக்கையிலேயே இருக்கிறது. முதலாளி ஏற்க வேண்டிய சிகிச்சைக் காலத்தைப் பதினாறு வாரத்துக்குக் குறையாமல் வரையறுக்கலாம் என்பதும் அதே 1936தான். 2006இல் அப்படியே எடுத்து வைத்தார்கள். பென்சிலின் மருந்தாகப் புழக்கத்துக்கு வராத காலத்தில் எழுதிய வாரக் கணக்கு. தம்பியின் காலில் புண் ஆற பதினோரு மாதம் ஆனது. அவன் மறைக்காமலே இருந்திருந்தாலும் பதினாறாவது வாரத்தில் பாதிப் புண்ணோடு நின்றிருக்கலாம்.

மறுபக்கமும் எனக்குத் தெரியாமல் இல்லை. நாற்பது டிகிரிக்கு மேல் சூடு ஏறும் எஞ்சின் அறையில் ஒருவன் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தால் அது அவன் உயிரோடு மட்டும் நிற்காது. இன்சுலின் போடுகிறவனை ஆழ்கடலுக்கு அனுப்பத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கும் சர்க்கரையை அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சர்வதேசக் கடல்சார் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட பரிசோதனை வழிகாட்டியே, நோய் நிலைப்பட்டு, சிக்கல்கள் இல்லாதபோது கப்பலேற இடம் வைத்திருக்கிறது. தகுதி மறுக்கப்பட்டவன் வேறொரு சுயேச்சையான மருத்துவரிடம் மறுபரிசோதனை கேட்கலாம் என்று உடன்படிக்கையிலேயே இருக்கிறது. ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்த தம்பிக்கு இதை யார் சொன்னார்கள்? ஏஜென்சி சொல்லவில்லை. கிளினிக் சொல்லவில்லை. மருந்து விற்ற அக்காவுக்கும் தெரியாது.

2024 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தங்களில், உடனடிச் சிகிச்சை தேவைப்படுவோரை நாடுகள் தாமதமின்றிக் கரையிறக்க வேண்டும் என்பதும் ஒன்று. கொரோனாக் காலத்தில் கடலோடிகள் பட்ட பாட்டின் பாடம் அது. வரவேற்கிறேன். ஆனால் கரையிறங்கும் நேரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கப்பலேறும் நேரத்தில், அந்தப் படிவத்தின் முன்னால், பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தப் பரிசோதனையின் செலவை முதலாளி ஏற்கட்டும். படிவம் பர்மிய மொழியில் இருக்கட்டும். சர்க்கரை என்று எழுதுகிறவனுக்கு 'போய் வா' என்பதற்குப் பதில் 'மூன்று மாதம் மருந்து சாப்பிட்டுவிட்டு வா, உன் இடம் இருக்கும்' என்று எழுத்தில் கொடுக்கட்டும். அதற்குப் பிறகும் மறைத்தால் கடிதம் அனுப்புங்கள், நான் வாய் திறக்க மாட்டேன்.

போன வாரம் ஒரு பையன் வந்தான். இருபத்தாறு வயது இருக்கும். அதே கல்லா, அதே வரி. பிரஷர் பார்த்தேன், நூற்று அறுபது. மாத்திரை தர மாட்டேன் என்றேன். மறுபரிசோதனை உரிமையைச் சொன்னேன், தம்பியின் கதையைச் சொன்னேன், படிவத்தில் உண்மையை எழுதச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். நல்ல பிள்ளை.

"சரி அக்கா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்க்கடைக்குள் போனான்.