இருந்தால் போடு, இல்லாவிட்டால் எடுத்துக்கொள்

2019 ஏப்ரலில் சூடான் தலைநகர் கார்ட்டூமில், ராணுவ ஆட்சியாளர் உமர் அல்-பஷீர் இறங்க வேண்டும் என்று ராணுவத் தலைமையகத்தின் வாசலில் ஜனங்கள் ராப்பகலாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு பணப்பெட்டி. "இருந்தால் போடு, இல்லாவிட்டால் எடுத்துக்கொள்" என்று எழுதி வைத்திருந்தார்கள். ஏடிஎம்களில் பணம் வராமல் நாடே வரிசையில் நின்று நொந்துபோயிருந்த காலம் அது. கூட்டத்துக்குள் நுழைகிறவர்களிடம் ஆயுதம் இருக்கிறதா என்று இளைஞர்கள் தடவிப் பார்த்துத்தான் விட்டார்கள். அதற்கும் ஒரு பாட்டு: "கையைத் தூக்குங்க, மரியாதையாத்தான் தேடுவோம்." அரபியில் எதுகையோடு வரும்.

அப்போது நான் தோஹாவில் வேலையில் இருந்தேன். பக்கத்து மேசைக்காரர் கார்ட்டூமை ஒட்டிய ஓம்துர்மான் ஊர்க்காரர், கணக்காளர். மதியம் உட்கார்ந்தால் ஒரு கையில் சாப்பாடு, ஒரு கையில் போன். அவருடைய தம்பி அந்தக் கூட்டத்தில்தான் இருந்தான். ஏப்ரல் 23 அன்று அத்பராவிலிருந்து போராட்டக்காரர்களோடு ரயில் வந்து சேர்ந்த வீடியோவைக் காட்டினார். உள்ளே இடம் கொள்ளாமல் கூரையெல்லாம் ஆள், ஆளுக்கொரு கொடி. எப்போதும் வாய் ஓயாதவர், அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. சூடான் போர்ச் செய்தி வரும்போதெல்லாம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் "அரபு நாட்டுக்கெல்லாம் ஜனநாயகம் சரிப்படாதுங்க, சர்வாதிகாரிதான் லாயக்கு" என்று போட்டுவிட்டுப் போய்விடுவார். நாலு பேர் கட்டைவிரலும் காட்டுவார்கள்.

ராணுவ ஆட்சியாளரை சூடான் மக்கள் இறக்கியது 2019-இல் முதல் தடவை இல்லை. 1964 அக்டோபரில் ஜெனரல் அப்பூத், 1985 ஏப்ரலில் நுமைரி. இரண்டு தடவையும் தெருவும் பொது வேலைநிறுத்தமும் சேர்ந்துதான் காரியத்தை முடித்தன. இரண்டு தடவையும் தேர்தல் நடந்தது. 1969-இலும் 1989-இலும் ராணுவம் திரும்பி வந்து பிடுங்கிக்கொண்டது. இதில் ஜனநாயகம் சரிப்படாதது யாருக்கு என்று நண்பர்தான் சொல்ல வேண்டும்.

2011-இல் தென் சூடான் பிரிந்தபோது எண்ணெய் உற்பத்தியில் முக்கால் பங்கு அதோடு போய்விட்டது. அதற்கப்புறம் விலைவாசி ஏறிக்கொண்டேதான் இருந்தது. 2018 டிசம்பரில் ஒரு சூடான் பவுண்டுக்கு விற்ற ரொட்டி மூன்று பவுண்டு ஆனது. டிசம்பர் 19 அன்று அத்பரா வெடித்தது. ரயில்வே பட்டறைகளும் தொழிற்சங்கங்களும் வளர்த்த ஊர் அது. ஆளுங்கட்சி அலுவலகத்துக்கே தீ வைத்துவிட்டார்கள். மருத்துவர்கள், ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள் சேர்ந்த தொழில்முறையாளர் சங்கம் அதே டிசம்பர் 25 அன்று குறைந்தபட்ச ஊதியம் கேட்டு நாடாளுமன்றத்துக்குப் போவதாகத்தான் முதலில் திட்டம் போட்டிருந்தது. ஊர் போகிற வேகத்தைப் பார்த்துக் கோரிக்கையை மாற்றினார்கள்: பஷீர் போக வேண்டும். "தஸ்குத் பஸ்" என்பதுதான் கோஷம். விழணும், அவ்வளவுதான்.

கலவரத்துக்குக் காரணம் மேற்கு சூடானின் டார்ஃபூர் மாணவர்கள் என்று அரசு பழி போட்டுப் பார்த்தது. பஷீர் ஆட்சி இனத்தைச் சொல்லிக் கொன்று குவித்த மண் டார்ஃபூர். கார்ட்டூம் தெரு அதற்குத் திருப்பிச் சொன்னது: "திமிர் பிடித்த இனவெறியனே, நாடு முழுக்க டார்ஃபூர்தான்." இந்த ஒரு வரிக்காகவே எனக்கு அந்தப் போராட்டத்தின் மேல் தனி மதிப்பு.

ஏப்ரல் 11 அன்று, முப்பது வருட ஆட்சிக்குப் பிறகு, பஷீரை அவருடைய தளபதிகளே இறக்கினார்கள். கூட்டம் கலையவில்லை. ஜூன் 3 விடிகாலை, ரமலான் முடியப் போகிற நேரத்தில், ஹெமெத்தி என்பவரின் துணை ராணுவமான அதிரடிப் படை (RSF) உள்ளே புகுந்து சுட்டது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். கல்லைக் கட்டி நைல் நதியில் போட்ட உடல்களும் மிதந்தன. இணையத்தை ஐந்து வாரம் அறுத்துவிட்டார்கள். தம்பி உயிரோடு இருக்கிறான் என்று தெரிகிறவரை பக்கத்து மேசைக்காரர் மதியம் சாப்பிட வரவில்லை.

ஜூன் 30 அன்று லட்சக்கணக்கில் மறுபடி தெருவுக்கு வந்தார்கள், இணையமே இல்லாமல். பேட்டைக்குப் பேட்டை இருந்த எதிர்ப்புக் குழுக்கள் வீடு வீடாகத் தட்டிச் சொல்லிக் கூட்டிய கூட்டம் அது. 'முகநூல் புரட்சி' என்று நாம் பெருமையடித்துக்கொள்கிறோமே, அதை முகநூலிலேயே மறுக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் வந்ததுதான் என் வருத்தம். 2019 ஆகஸ்டில் ராணுவத்தோடு ஆட்சியைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் போட்டார்கள். முதல் 21 மாதம் தலைமை ராணுவத்துக்கு. தலைவர் ராணுவத் தளபதி புர்ஹான், துணைத் தலைவர் ஹெமெத்தி. ஜூன் 3-க்கு விசாரணைக் குழு போட்டார்கள், தண்டனை பெற்ற தளபதி ஒருவரும் கிடையாது. ராணுவத்தின் கம்பெனிகள் நிதியமைச்சகத்தின் கைக்கு வரவில்லை. துப்பாக்கியும் கஜானாவும் அவர்களிடம், நாற்காலி மட்டும் பிரதமர் ஹம்தோக்கிடம். ஒப்பந்தம் கையெழுத்தான அன்று நானும் இங்கே வாழ்த்துப் பதிவு போட்டேன். ரத்தம் நின்றால் போதும் என்றுதான் நினைத்தேன். பேட்டைக் குழுக்களில் பலர் அன்றைக்கே முகம் சுளித்தார்கள். அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

2021 அக்டோபர் 25 அன்று புர்ஹானும் ஹெமெத்தியும் சேர்ந்து ஆட்சியைக் கவிழ்த்தார்கள். குழுக்களின் பதில் மூன்று 'இல்லை': பேச்சு இல்லை, பங்கு இல்லை, அங்கீகாரம் இல்லை. சேர்ந்து கவிழ்த்த அந்த இரண்டு பேரும் 2023 ஏப்ரல் 15 முதல் ஒருவரை ஒருவர் அழிக்கச் சண்டை போடுகிறார்கள். 1.2 கோடிக்கு மேல் ஜனங்கள் வீட்டை விட்டு ஓடிவிட்டார்கள். நண்பரே, இந்தப் போரை ஆரம்பித்தது ஜனநாயகம் கேட்டவர்கள் இல்லை. நீங்கள் லாயக்கு என்று சொன்ன ஆட்கள்தான்.

கேட்டவர்கள் இப்போது சோறாக்குகிறார்கள். எதிர்ப்புக் குழுக்களில் இருந்த பலர் பேட்டைகளில் அவசர உதவி அறைகள் தொடங்கி, பொதுச் சமையல் நடத்துகிறார்கள். 'தக்கியா' என்பார்கள். பருப்பு, அவரை, சோளம், கிடைத்தது எதுவோ அது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தபந்தம் 'பங்கக்' என்ற வங்கிச் செயலியில் பணம் போடுகிறது. இரண்டு படைகளுமே இந்தப் பிள்ளைகளைச் சந்தேகப்பட்டுப் பிடித்துக்கொண்டு போகின்றன.

பக்கத்து மேசைக்காரர் இன்னும் தோஹாவில்தான் இருக்கிறார். தம்பி ஓம்துர்மானில் ஓர் அடுப்படியில் நிற்கிறானாம். போன வாரம் பேசும்போது சொன்னார்: பருப்பு விலை ஏறிவிட்டது, இந்த மாதம் கொஞ்சம் கூடுதலாக அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறான்.