அடியை ஏற்பது யார்?

இடைக்காலப் போர் விளையாட்டுகளில் யார் 'செத்தார்' என்பதை நடுவர்தான் சொல்வார், அவர் பார்க்காத அடி கணக்கில் வராது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். 1966-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய, இடைக்கால வாழ்க்கையையும் சண்டையையும் மீண்டும் நடத்திப் பார்க்கும் சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம் அமைப்பில் அப்படி இல்லைங்க.

அங்கே கவசச் சண்டையில் பிரம்பு வாளின் அடி செல்லுமா என்று முடிவு செய்பவர் அடி வாங்கியவரேதான். தொடையில் பட்டால் தானாகவே மண்டியிட்டுச் சண்டையைத் தொடர்வார். தலையில் நன்றாக விழுந்தால் தானே கீழே சாய்ந்துவிடுவார். சண்டையைக் கண்காணிக்கும் மார்ஷல்கள் களத்தில் உண்டு, ஆனால் அவர்களின் முதல் கவலை பாதுகாப்பு. கேடயத்தோடு கேடயம் முட்டும் அணிச் சண்டையில் ஒவ்வோர் அடியையும் வெளியில் நிற்பவர் எப்படிப் பார்ப்பார்? இந்த நேர்மைதான் அந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். உருக்கு ஆயுதப் போட்டிகளில் நடுவர்கள் உண்டு. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

சரிபார்ப்பது எளிது. அமைப்பின் இணையதளத்தில் மார்ஷல் கையேடு இலவசமாகவே இருக்கிறது, அதில் அடியை ஏற்பது பற்றிய பகுதியைப் படியுங்கள். அப்புறம், பென்சில்வேனியாவில் நடக்கும் இந்த அமைப்பின் பெரிய விழாவான பென்சிக் போரின் காணொளி ஒன்றில் முன்வரிசை வீரர் ஒருவரை மட்டும் கவனித்துப் பாருங்கள். யாரும் கை காட்டாமலே அவர் விழுவார்.