மாஸ்ஸிமோ த்ரொய்சிக்கு ஆஸ்கர் கிடைத்ததா?

"இறந்த பிறகு சிறந்த நடிகருக்கான ஆஸ்கரை வென்ற இத்தாலிய டிவி காமெடியன்" என்று மாஸ்ஸிமோ த்ரொய்சியின் படத்தோடு ஒரு பதிவு சுற்றி வருகிறது. இது தவறு. அவருக்கு ஆஸ்கர் கிடைக்கவில்லை.

1996 மார்ச்சில் நடந்த விழாவில், 'இல் போஸ்தினோ' படத்துக்காகச் சிறந்த நடிகர், தழுவல் திரைக்கதை இரண்டுக்கும் அவர் பெயர் பரிந்துரையில் இருந்தது உண்மைதான். நடிகர் விருதை வாங்கியவர் நிக்கோலஸ் கேஜ். அந்தப் படத்துக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர், இசைக்காக லூயிஸ் பக்கலோவுக்குப் போனது. நடிப்புக்காக இறந்தபின் ஆஸ்கர் வென்றவர்கள் பீட்டர் ஃபின்ச், ஹீத் லெட்ஜர் இருவர்தான். ஆஸ்கர் அகாடமியின் இணையதளத்தில் ஆண்டு வாரியாகப் பட்டியல் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

சரி, அவர் உண்மைக் கதையே போதுமே! நேப்பிள்ஸ் பக்கத்துச் சின்ன ஊர்க்காரர். 'லா ஸ்மோர்ஃபியா' என்ற மூவர் குழுவில் தொடங்கி, தன் ஊர்ப் பேச்சு வழக்கை மாற்றிக்கொள்ளாமலே 1970களின் கடைசியில் இத்தாலியின் அரசுத் தொலைக்காட்சியான ராய் வழியாக நாடு முழுவதையும் சிரிக்க வைத்தார். சிறுவயதிலிருந்தே இதய நோய். அதோடுதான் தன் கடைசிப் படமான 'இல் போஸ்தினோ'வை நடித்து முடித்தார். முடித்த மறுநாளே, 1994 ஜூன் 4 அன்று, 41 வயதில் போய்விட்டார். இந்த மனிதருக்குப் பொய் விருது எதற்கு?

அந்தப் பதிவு உங்களுக்கு வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள். அனுப்பியவருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.